மூன்று படி சென்னாக்குனி

கோட்டைக்குப்பத்துக் கோவிந்தம்மா ஜெயித்தவை இவை. முகத்துவாரத்துக்கு வடக்கே, பதினோரு வீட்டுக்குப் பாத்தியப்பட்டு, மூன்று வருஷம் வலை படாமல் கிடந்த இறால் பாடு. கோட்டை வாசலைத் தாண்டி ஓரடிகூட நகராமல் கிடந்த ஒரு கடுதாசி. குப்பத்துக் கூட்டத்தில் அடுத்தவர் வாயைக் கடன் வாங்காமல் தன் வாயால் பேசும் உரிமை. கடைசியாக, பெரிய நாட்டார் பச்சைமுத்துவின் சிரிப்பு. இதையெல்லாம் வெற்றியில் சேர்க்கலாமா என்று கேட்பவர்கள் பச்சைமுத்துவைப் பார்த்திராதவர்கள்.

இத்தனையையும் ஜெயித்தபோது அவளுக்கு வயது முப்பத்தொன்று. புருஷன் மாரி விஷக்காய்ச்சலில் போய் நான்கு வருஷம் ஆகியிருந்தது. எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. அவளிடம் இருந்தது மாரியின் வலை ஒன்று, அதை ஏரியில் இறக்க தருமன் என்ற அண்ணன் ஒருவன்.

பாடு என்பது, ஏரியில் இன்ன இடத்தில், இன்ன நாளில், இன்ன வீட்டு வலை இறங்கும் என்கிற முறை. வருஷத்துக்கு ஒருமுறை, மாசி முதல் தேதி, அம்மன் கோயில் முன்னால் எல்லாக் குப்பத்தாரும் கூடி வரிசை சொல்வார்கள். அந்த வரிசையில் பெயர் இருந்தால் வீட்டில் அடுப்பு எரியும். மூன்று வருஷம் தொடர்ந்து வலை படாத பாடு அடுத்த குப்பத்துக்குப் போய்விடும். இந்தச் சட்டத்தை யாரும் எழுதி வைக்கவில்லை. யாரும் மீறியதும் இல்லை.

ஆங்கிரஸ வருஷம் மாசி மாதத்தில், சரக்கு ஏற்றி வந்த ஒரு படகின் சுக்கானில் குப்பத்து வலை சிக்கிக்கொண்டது. படகு மணலில் ஏறியது. ஒல்லாந்தர் கோட்டையிலிருந்து ஆள் வந்து முகத்துவாரத்தின் வடக்குப் பக்கம் முழுவதும் கயிறு கட்டி, மிதவை போட்டு, இனி இங்கே வலை கூடாது என்று தமுக்கடித்தார்கள். குப்பத்தார் சண்டைக்குப் போகவில்லை. சுண்ணாம்புக்குளத்திலிருந்து எழுதத் தெரிந்தவர் ஒருவரை வரவழைத்து, கப்பல் நிற்காத நாட்களிலாவது வலை போட உத்தரவு தரவேண்டும் என்று கடுதாசி எழுதினார்கள். பதினோரு வீட்டாரின் பெயரையும் அதில் சேர்த்தார்கள். பச்சைமுத்து அதை எடுத்துக்கொண்டு போய், துரைமாருக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷியைப் பார்த்தார்.

துபாஷி கடுதாசியைக் கையில் வாங்காமலே சொன்னார்: "இதற்கு மூன்று படி வேண்டும். கீழே ஒன்று, நடுவில் ஒன்று, மேலே ஒன்று."

பச்சைமுத்துவுக்கு இதில் சந்தேகம் எதுவும் எழவில்லை. பெரிய இடம், மூன்று தட்டு ஆட்கள், ஆளுக்கு ஒரு படி. குப்பத்தில் கொடுக்கத் தகுந்ததாக அளந்து கொடுக்கும் பொருள் ஒன்றுதான் உண்டு. பொடி இறாலைச் சுத்தமான மணலில் காயவைத்துப் புடைத்தெடுத்த சென்னாக்குனி. அதில் மூன்று படி அளந்து, கீழே வாசல் கணக்கர் மூர்த்திக்கு ஒன்று, நடுவில் துபாஷி வீட்டுக்கு ஒன்று, மேலே துரைமார் சமையல்கட்டுக்கு ஒன்று என்று கொடுத்தனுப்பினார். கடுதாசி திரும்பி வந்தது. கூடவே ஒரு சொல்லும் வந்தது: "படி வரவில்லை."

படியில் குறை என்று பச்சைமுத்து நினைத்தார். அடுத்த வருஷம் தலை தட்டாமல் குவித்து அளந்தார். அப்போதும் படி வரவில்லை என்றார்கள். மூன்றாம் வருஷம் படியையே பெரிதாகச் செய்யச் சொன்னார்.

அந்த மூன்றாம் வருஷம், யுவ வருஷம் மார்கழி இருபதாம் தேதி, பச்சைமுத்துவுக்கு முழங்கால் வீங்கிவிட்டது. கோட்டைப் பக்கம் தினமும் மீன் விற்கப் போகிறவள் என்பதால் கூடையைக் கோவிந்தம்மா தலையில் ஏற்றினார்கள்.

வாசலில் அவளுக்கு முன்னால் நெசவாளர் தரகர் ஒருவர் நின்றிருந்தார். அவர் மடியிலிருந்து கடுதாசி எடுத்தார். ஒன்றல்ல, மூன்று. மூர்த்தி மூன்றையும் பலகைமேல் பரப்பி, விரலை வைத்து வரி வரியாக ஒத்துப் பார்த்தார்.

"மூணு படியும் சரியா கீது. போய்ட்டு வாங்க" என்றார்.

கோவிந்தம்மா தரகரின் கையைப் பார்த்தாள், இடுப்பைப் பார்த்தாள், பின்னால் ஆள் யாராவது மூட்டையோடு நிற்கிறார்களா என்று பார்த்தாள். அரிசி இல்லை, இறால் இல்லை, அளக்கும் படியே இல்லை. தலையிலிருந்த கூடையை மெல்ல இறக்கினாள்.

"இன்னா கோவிந்தம்மா, இந்த வருஷமும் சென்னாக்குனியா" என்று மூர்த்தி முகம் மலர்ந்தார். "உங்க குப்பத்து மனசு யாருக்கும் வராது."

"எங்க கடுதாசி இன்னா ஆச்சு?"

"நான் இன்னா பண்ணட்டும்? படி வரலியே."

"இது இன்னாங்க?" என்று கூடையைக் காட்டினாள். "மூணு படி. மூணு வருஷத்துல ஒம்போது படி."

மூர்த்தி சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. கூடையைப் பார்த்தார், பலகைமேல் கிடந்த மூன்று கடுதாசியைப் பார்த்தார். அவர் முகம் சுருங்கிப்போனது.

"ஏம்மா, நீங்க குடுத்தது அதுக்கா? நான் பிரியமா குடுக்கறீங்கன்னு வாங்கினேன். படின்னா நகலும்மா. ஒரு கடுதாசி மாதிரியே இன்னொண்ணு. அசலோட சேத்து மூணு."

"மூணு எதுக்கு?"

மூர்த்தி இதுவரை யாருக்கும் சொல்லாததைச் சொல்லும் ஆளைப்போல் பலகையில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். கடுதாசி முதலில் அவரிடம் வரும். அவர் ஒத்துப் பார்த்து, ஒரு படியைத் தன் பெட்டியில் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் துபாஷிக்கு அனுப்புவார். துபாஷி அதை ஒல்லாந்து பாஷையில் ஆக்கி, ஒரு படியை வைத்துக்கொண்டு மேலே அனுப்புவார். மேலே துரைமார் சபை. மாதத்தில் ஒரே ஒரு வியாழக்கிழமை கூடும். சபை உத்தரவு எழுதினால் அது அதே வழியில் இறங்கி வரும். நடுவில் எந்த இடத்திலாவது தட்டினால் முதல் இடத்திலிருந்து மறுபடி ஏறவேண்டும்.

"மேல கீறவன் கீழ கீறவனை நம்பமாட்டான். கீழ கீறவனும் மேல கீறவனை நம்பமாட்டான்" என்றார் மூர்த்தி. "மூணு எடத்துலயும் ஒரே மாதிரி கடுதாசி இருந்தா, யாரையும் நம்பத் தேவையில்ல. கடுதாசியை நம்பிக்கலாம்."

"தை மாசத்துச் சபை என்னிக்கு?"

"பன்னெண்டாம் தேதி."

கோவிந்தம்மா விரல் மடக்கினாள். மாசி முதல் தேதி பாடு வரிசை. தை பன்னிரண்டை விட்டால் அடுத்த சபை வரிசை சொல்லி முடித்த பிறகுதான்; அதற்குள் பாடு அடுத்த குப்பத்துக்குப் போயிருக்கும். மூர்த்தி எழுந்து உள்ளே போய்க் குப்பத்துக் கடுதாசியையும், கூடவே வெள்ளைத் தாள் ஆறும் கொண்டுவந்து அவள் கையில் வைத்தார். தின்றதை நினைத்து வெட்கப்பட்டார் போலிருக்கிறது. சென்னாக்குனியையும் எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். அவள் ஒரு படியை மட்டும் பலகைமேல் கொட்டிவிட்டு வந்தாள். "இது பிரியமா குடுக்கறது" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

வழியில் பச்சையம்மா பிடித்துக்கொண்டாள். அடுத்த வீட்டுக்காரி, பாடு இழந்த பதினொன்றில் ஒருத்தி.

"எதுக்குடி இந்த ஏத்தம் எறக்கம்? பெரிய துரை பல்லக்கு போறப்ப குறுக்க உழுந்து கால புடி. அழறதுக்கு ஆள் வேணும்னா நான் வரேன். எனக்கு நல்லா வரும்."

"உழுந்தா இன்னா நடக்கும்? துரை துபாஷிய கேப்பாரு. துபாஷி மூர்த்திய கேப்பாரு. மூர்த்தி படி வரலைம்பாரு. அதுக்கு நேரா மூர்த்திகிட்டயே போயிட்டு வந்துடலாம், மண்ணாவது ஒட்டாது."

குப்பத்திலும் படிகள் இருந்தன. கூட்டத்தில் பெண் பேச வேண்டுமென்றால், கவிழ்த்துப் போட்ட படகுக்குப் பின்னால் உட்கார்ந்து, தன் வீட்டு ஆணிடம் சொல்லவேண்டும். அவன் எழுந்து நாட்டாரிடம் சொல்வான். கோவிந்தம்மா படகுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். தருமன் முன்னால் நின்றான். சொன்னதில் ஒரு சொல்லைக்கூட மாற்றாமல் சொல்பவன் என்று தருமனுக்குப் பெயர்.

"படின்னா அளக்கற படி இல்லியாம்னு சொல்லு அண்ணே."

"படின்னா அளக்கற படி இல்லியாம்" என்றான் தருமன்.

பச்சைமுத்து வீங்கிய காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். முதல் குரல் வந்தபோது காதில் விழாதவர்போல் ஏரியைப் பார்த்தார். இரண்டாவது குரலுக்குத் திரும்பினார்.

"பின்ன இன்னாவாம்?"

"ஒரே கடுதாசி மூணா இருக்கணுமாம்."

"ஒரே கடுதாசி மூணா இருக்கணுமாம்."

"அப்ப நான் குமிச்சு குமிச்சு அளந்தேனே. அத்த இன்னா பண்ணானுங்களாம்?"

"தின்னுட்டாங்களாம்" என்றது படகுக்குப் பின்னாலிருந்து குரல்.

தருமன் வாயைத் திறந்தான், மூடினான். அவ்வளவு பெரிய கூட்டத்தில் நாட்டார் முகத்துக்கு நேரே அதைச் சொல்ல அவனுக்கு வரவில்லை.

"இன்னாடா நிக்கிற?" என்றார் பச்சைமுத்து. "தின்னுட்டாங்கன்னு அவ சொன்னா இல்ல, சொல்லு."

கூட்டம் முழுவதும் சிரித்தது. பச்சைமுத்து சிரிக்கவில்லை. தான் முதல் குரலைக் கேட்டதாக ஒப்புக்கொண்டுவிட்டோம் என்பது அவருக்குப் புரிந்தது. சிறிது நேரம் காலைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "நீயே இங்க வந்து சொல்லும்மே. இவன் வாய்க்கு வர்றதுக்குள்ள மாசி பொறந்துடும்" என்றார்.

கோவிந்தம்மா எழுந்து படகைச் சுற்றி முன்னால் வந்தாள். "உங்க மேல தப்பு இல்ல நைனா. கீழ ஒண்ணு, நடுவுல ஒண்ணு, மேல ஒண்ணுன்னு சொன்னா யாருக்கும் அப்படித்தான் தோணும். எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. இப்ப அசல் நம்ம கையில கீது. இன்னும் ரெண்டு எழுதணும். பன்னெண்டாம் தேதிக்குள்ள மேல ஏறணும்." இவ்வளவும் சொல்லிவிட்டு அவள் மறுபடி படகுக்குப் பின்னால் போகவில்லை. அங்கேயே நின்றாள்.

சுண்ணாம்புக்குளத்து ஆள், மகள் கல்யாணத்துக்கு எளாவூர் போயிருந்தார். தை முடிந்துதான் வருவார் என்று தெரிந்தது. வேறு யார் எழுதுவது? தருமன் இரண்டு வருஷம் படித்தவன். எழுத்துக் கூட்டி வாசிப்பான். எழுதினால் ஒவ்வொரு வரியும் தரை தட்டிய படகு மாதிரி ஒரு பக்கம் சாயும். ஆறு தாளில் ஒன்றை அப்படி அவன் வீணாக்கினான். இரண்டாவதை எடுக்கப் போனபோது கோவிந்தம்மா அவன் கையைப் பிடித்தாள்.

"நகர் அண்ணே. நான் பாக்கறேன்."

"உனக்கு எழுத்தே தெரியாதே."

"பாத்துப் போடறதுதானே. வலை பின்றப்ப கண்ணி இன்னா பேருன்னு கேட்டா பின்றோம்?"

ஏரிப் பக்கத்தில் அவள் பின்னிய வலைக்குத் தனி மதிப்பு உண்டு. ஆயிரம் கண்ணியும் ஓர் அளவாக இருக்கும், மூங்கில் பட்டை வைத்து அளந்தாலும் வித்தியாசம் தெரியாது. அந்தக் கண்ணோடுதான் அவள் அசலைப் பார்த்தாள். வளைவு, கொம்பு, சுழி, இடைவெளி. படகுப் பலகையைப் போட்டு, தாள் காற்றில் பறக்காமல் ஓட்டுத் துண்டு வைத்து, நாணற்குச்சியை மையில் தொட்டு, ஒவ்வொன்றாகப் போட்டாள். முதல் தாள் மை ஊறிப் பாழாயிற்று. அடுத்த இரண்டு நின்றன. காலையில் மீன் விற்றுவிட்டு வந்து உட்கார்ந்தால் வெயில் சாயும்வரை. மார்கழி முடிந்தது, பொங்கல் வந்தது. பொங்கலன்றும் பானை பொங்கி வழியும்வரைதான் அடுப்பருகில் இருந்தாள். தை நான்காம் தேதி முடித்தாள்.

தருமன் மூன்று தாளையும் வைத்துக்கொண்டு ஓர் எழுத்து விடாமல் சோதித்தான். அவன் சோதனையில் தப்புவது கஷ்டம். ஒன்பதாம் வரியில் விரல் நின்றது.

"முகத்துவாரம்னு இருக்கணும். முகவாரம்னு கீது. மூணுலயும்."

"அசல்லயே அப்படித்தானே கீது?"

"ஆமா. அவர் உட்டுட்டாரு. திருத்திடலாம்."

"தொடாதே. தப்பா இருந்தாலும் மூணுலயும் ஒரே தப்பா இருக்கட்டும்."

அவன் விரலை இன்னும் கீழே இறக்கினான். அசலின் ஓரத்தில், எழுதியவர் குச்சியிலிருந்து தெறித்த ஒரு மைப்பொட்டு, பக்கத்தில் குச்சி சரியாக ஓடுகிறதா என்று பார்க்க அவர் இழுத்த ஒரு கிறுக்கல். கோவிந்தம்மா அந்தப் பொட்டையும் போட்டிருந்தாள், கிறுக்கலையும் போட்டிருந்தாள். அண்ணனுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் மூன்று தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெயிலுக்கு நேராகப் பிடித்தபோது சிரிப்பு போய்விட்டது. மூன்று பொட்டும் ஒரே இடத்தில் இருந்தன.

பச்சைமுத்து மூன்றிலும் கீழே தன் அடையாளமான நங்கூரத்தைப் போட்டுக் கொடுத்தார். தை ஆறாம் தேதி, வெள்ளிக்கிழமை, கோவிந்தம்மா, தருமன், முழங்காலில் துணி சுற்றிக்கொண்டு பச்சைமுத்து, மூவரும் கோட்டைக்குப் போனார்கள். வாசலில் மூர்த்தி வரி வரியாக ஒத்துப் பார்த்தார். "சரியா கீது" என்றார். நடுக்கட்டுக்கு அவரே கூட்டிப் போனார்.

துபாஷி கண்ணாடி வைத்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். "மைப்பொட்டுகூட ஒத்துப் போகிறதே" என்றார். பிறகு தாளின் அடிக்கு வந்தார். "இது என்ன?"

"நங்கூரங்க" என்றார் பச்சைமுத்து.

"முதலாவது நங்கூரம், சரி. இரண்டாவது தூண்டில் மாதிரி இருக்கிறது. மூன்றாவது?"

மூர்த்தி எட்டிப் பார்த்தார். "இறால் மாதிரி கீதுங்க" என்றார்.

"மூன்று பேர் போட்டது போல இருக்கிறது. அடையாளம் ஒத்துப் போகாவிட்டால் மேலே வாங்கமாட்டார்கள்" என்று துபாஷி தாள்களை மடித்து நீட்டினார். குரலில் கோபம் இல்லை. "பாடுள்ள பதினொரு பேரில் யாராவது ஒருவர் ஒரே மாதிரி மூன்று கையெழுத்துப் போடட்டும். போட்டுக்கொண்டு மறுபடி வாசலிலிருந்து வாருங்கள். எழுதியது யார்?"

"என் தங்கச்சிங்க" என்றான் தருமன். "பாடுள்ளவதாங்க. ஏழாம் வரியில பேரு கீது."

"அப்புறம் என்ன? எழுதியவளே கையெழுத்துப் போடட்டும்."

"அவளுக்கு எழுதத் தெரியாதுங்க."

துபாஷி தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "எழுதத் தெரியாமலா எழுதினாள்?" என்று கேட்டார். தருமன் தாள்களை வாங்கிக்கொண்டான்.

மூவரும் படகில் திரும்பினார்கள். அடையாளம் போடுவது பெரிய நாட்டார்தான், அவர் அப்பா போட்டார், அப்பாவின் அப்பா போட்டார். அதற்குக் கீழே ஒரு பெண்ணின் பெயர் வந்தால் மற்றக் குப்பத்தார் என்ன சொல்வார்கள் என்று பச்சைமுத்து நினைத்தது அவர் முகத்தில் தெரிந்தது. கோவிந்தம்மா கெஞ்சவில்லை. அவர் சம்மதம் இல்லாமல் தன் பெயரைப் போடப்போவதும் இல்லை. ஒரு படியைத் தாண்டிக் குதித்தால் என்ன ஆகும் என்று இந்தப் பதினைந்து நாளில் அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. மறுநாள் சனிக்கிழமை முழுவதும் அவர் வாசலில் வலையைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, பின்னிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

வெயில் சாயும் நேரத்தில் அவர் கேட்டார்: "என் நங்கூரத்த இன்னா பண்ணப்போற? அடிச்சுடுவியா?"

"அது அங்கயேதான் இருக்கும் நைனா. என் பேரு கீழதான் வரும்."

"நங்கூரத்துக்குக் கீழயா." அவர் யோசித்தார். "அப்ப சரி. கீழ தரை இருந்தாத்தானே புடிக்கும்." பிறகு, "நெசமா அந்த மூணாவது இறால் மாதிரியா இருந்துச்சு?" என்றார்.

"மீசைதான் இல்ல" என்றாள் கோவிந்தம்மா.

அப்போதுதான் பச்சைமுத்து சிரித்தார். முழங்கால் வலிக்க வலிக்கச் சிரித்தார். அவர் வீட்டுக்காரி யாரோ அழுகிறார்கள் என்று நினைத்து வெளியே ஓடிவந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கோட்டை அடைப்பு. அன்று கோவிந்தம்மா தருமனைக் கூப்பிட்டு அசலை விரித்தாள்.

"இதுல என் பேரு எங்க கீது?"

தருமன் ஏழாம் வரியில், 'காலஞ்சென்ற மாரி பெண்சாதி' என்பதற்கு அடுத்து, விரலை வைத்தான். அவள் அந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு தான் எழுதிய தாள் இரண்டையும் எடுத்து, அதே இடத்தைத் தானே கண்டுபிடித்தாள்.

"அப்ப இத்த நான் ரெண்டு தடவ எழுதிட்டேன்."

"எழுதிட்ட."

"யாருன்னு தெரியாம எழுதியிருக்கேன் பாரு" என்று சொல்லிவிட்டு, மிஞ்சியிருந்த இரண்டு வெள்ளைத் தாளையும் எடுத்துக்கொண்டாள். இரண்டும் இரண்டு பக்கமும் நிறைந்தபோது, மணலில் எழுதினாள். ஒவ்வொரு தடவையும் மூன்று மூன்றாக எழுதினாள்.

மறுநாள் காலை வாசலில் மூர்த்தி மைக்கூட்டைத் திறந்து நகர்த்தி வைத்தார். பச்சைமுத்து ஒரு பக்கம், தருமன் ஒரு பக்கம் நின்றார்கள். அவள் அவசரப்படவில்லை. நங்கூரத்துக்குக் கீழே ஒன்று, தூண்டிலுக்குக் கீழே ஒன்று, இறாலுக்குக் கீழே ஒன்று. மூர்த்தி மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெயிலுக்கு நேராகப் பிடித்தார். மூன்று பெயரும் ஒரே இடத்தில் விழுந்தன. பிறகு தன் பெட்டிக்குரிய படியை எடுத்து, வந்த நாளைத் தலைப்பில் குறித்தார்.

யுவ வருஷம், தை மாதம் ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை.